ஒன்றாம் வகுப்புப் பையனை வெளியே நிற்க வைப்பது ஒழுங்கு நடவடிக்கையா?

கேள்வி இதுதான்: மகனுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு. ஓரிடத்தில் உட்காருவதில்லை, பக்கத்துப் பையனை அடிக்கிறான் என்று டைரியில் 3 முறை எழுதிவிட்டார்கள். 2 நாள் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள், இனியும் இப்படி என்றால் டிசி கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். இது சரியா?

டிசி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. 17ஆம் பிரிவு அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. தனியார் பள்ளிக்கும் இதுதான். ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, நம் வடசென்னை ஏரியாவில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய, அதனால் உங்களுடையது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக அங்கே மட்டும் அடிக்கலாம் என்று ஆகிவிடாது. தமிழ்நாட்டில் 2003லேயே கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்புக்குத் தடை போட்டாகிவிட்டது.

சட்டம் இவ்வளவு போதும். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு நர்சரி பிரைமரி பள்ளியில் 11 வருடம் ஒன்றாம் வகுப்பு மிஸ்ஸாக இருந்தவள் நான். வெளியே நிறுத்துகிற வேலையை நானும் செய்திருக்கிறேன்.

ஒரு பெண் குழந்தை வாரத்தில் 3 நாள் ப்ரேயர் முடிந்தபிறகுதான் வரும். லேட்டாக வந்தால் முதல் பீரியட் வாசலில் நிற்க வேண்டும் என்பது ரூல், நானும் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினேன், அதுவும் பையைக்கூட இறக்காமல் அப்படியே நிற்கும். ஒரு நாள் அதன் ஆயா மூச்சு வாங்க ஓடி வந்து, "மிஸ், கொருக்குப்பேட்டை கேட்டு போட்டுட்டான், கூட்ஸு வண்டி போய்க்கினே இருக்கு, நான் இன்னா பண்றது" என்று கேட்டது. அம்மா விடிகாலை 3 மணிக்கே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போய்விடுவார், அப்பா ஹார்பரில் நைட் ஷிப்ட், பிள்ளையைக் கிளப்பிக் கூட்டி வருவது முட்டி வலியோடு இருக்கும் அந்த ஆயாதான். ரயில்வே கேட் மூடியதற்கு 6 வயதுப் பிள்ளைக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு லேட்டாக வருகிற பிள்ளையிடம் நான் கேட்டதெல்லாம் "சாப்டியா?" என்ற ஒரு கேள்விதான், பாதி நாள் இல்லை என்றுதான் பதில் வரும்.

உங்கள் பையன் உட்கார மாட்டேன் என்கிறான் என்றால் பிரச்சினை இப்படி எங்கோ இருக்கலாம். பசி, தூக்கம், ஒன்றுக்கு வருவதைச் சொல்லப் பயம், காது சரியாகக் கேட்காதது. இதில் எதுவும் இல்லாமலும் இருக்கலாம், 6 வயதில் 40 நிமிடம் கைகட்டி வாய்பொத்தி உட்காருவது எந்தப் பிள்ளையாலும் முடிகிற காரியம் இல்லை. என் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்தான், அவனுக்கு நோட்டு விநியோகம், போர்டு துடைப்பது, சாக்பீஸ் வாங்கி வருவது என்று வேலை கொடுத்தேன். சட்டம் சொல்லும் கணக்கு ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகள், எங்களுக்கு 47 இருந்தார்கள், ஆகவே அது எனக்கும் உதவிதான்!

அடிப்பது வேறு விஷயம். அதைச் சின்னப் பிள்ளைதானே என்று விடக் கூடாது, அடி வாங்கிய பிள்ளைக்கும் ஒரு அம்மா இருக்கிறார். நடந்த அந்த நிமிடமே இரண்டு பேரையும் பிரித்து, அடித்தவன் கண் மட்டத்துக்குக் குனிந்து, "அடிக்கக் கூடாது, பென்சில் வேணும்னா கேளு" என்று நாலே வார்த்தை சொல்லி, அவனையே அடிபட்டவனுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்ல வேண்டும். இதையே அலுக்காமல் பத்து முறை, இருபது முறை. மதியம் நடந்ததற்கு மறுநாள் காலை வெளியே நிறுத்தினால் எதற்கு நிற்கிறோம் என்றே அவனுக்குத் தெரியாது, காரிடாரில் காக்கா பார்த்துக்கொண்டிருப்பான். மிஸ் சொல்லச் சொன்னார் என்று "ஸாரி" சொல்லிவிட்டு உடனே திரும்பக் கிள்ளுவதையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டுப் பக்கமும் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் "கண்ணு ரெண்டையும் வுட்டுட்டு தோலை உரிச்சிடுங்க மிஸ்" என்று சொல்கிற அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பெருமையாகத்தான் சொல்வார்கள். அடியாத மாடு படியாது என்று பழமொழியும் வரும். மாட்டுக்கே அது சரிதானா என்று எனக்குச் சந்தேகம். வீட்டில் கோபம் வந்தால் கை நீளும் என்று பார்த்து வளர்கிற பிள்ளைக்கு வகுப்பில் மட்டும் வேறு வழி எப்படித் தெரியும்?

சரி, இப்போது என்ன செய்வது? ப்ரின்ஸிபாலிடம் சண்டைக்குப் போகாதீர்கள், முதலில் வகுப்பு மிஸ்ஸைத் தனியாக, ஸ்கூல் விட்டபின் பாருங்கள். எத்தனை மணிக்கு அடிக்கிறான், யாரை, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள். லஞ்ச் பெல்லுக்கு முன்னாலேயே எப்போதும் நடக்கிறதென்றால் காலை டிபனைப் பாருங்கள், ஒரே பையனோடுதான் என்றால் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். அப்புறம் டைரியில் அவர்கள் எழுதியதற்குக் கீழேயே, மரியாதையாக, தேதி போட்டு, "வெளியே நிறுத்த வேண்டாம், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று பேச வருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்தில் வந்துவிட்டால் பள்ளிகள் கொஞ்சம் யோசிக்கும், உள்ளே இருந்தவள் சொல்கிறேன். அதற்கும் மேலே போனால், கை வைத்தால், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது, குழந்தைகளுக்கான 1098 இருக்கிறது.

இன்று ராத்திரி பையனிடம் "ஏன்டா அடிச்சே" என்று ஆரம்பிக்காதீர்கள், வெளியே நின்றபோது என்ன பார்த்தாய் என்று கேட்டுப் பாருங்கள், மீதியை அவனே சொல்லுவான்.