ஒரு எஞ்சின் நின்றால் மற்றதையும் அடக்குங்கள்

கேள்வி: என் இரட்டை எஞ்சின் ரேடியோ கன்ட்ரோல் விமானத்தில் இரண்டு 46 குளோ எஞ்சின்கள் (0.46 கன அங்குல எரிபொருள் எஞ்சின்கள்). தரையை விட்டு எழும்பிய சில நொடிகளில் ஒன்று நின்றுவிட்டது. மூக்கு இடப்பக்கம் இழுத்தது, இடது இறக்கையும் சாய்ந்தது. விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடலான எய்லரானை வலப்பக்கம் முழுதாகக் கொடுத்தேன். எஞ்சின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலும் முழுதாகவே இருந்தது. விமானம் நிமிராமல் இன்னும் வேகமாக இடப்பக்கமே புரண்டு, சுழன்றுகொண்டே விழுந்தது. ரேடியோ சிக்னலை வாங்கும் ரிசீவரின் கோளாறாக இருக்குமா?

பதில்: ரிசீவரைத் திட்டாதீர்கள். எய்லரான் சொன்னபடி வேலை செய்திருக்கிறது, அதுதான் வினையே. மூக்கு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின்தான் நின்றிருக்கும். அதாவது உங்களுக்கு இடது எஞ்சின். வலது எஞ்சின் மட்டும் இழுக்க, இடது இறக்கை பின்தங்கி வேகம் குறைந்துபோனது. நீங்கள் வலப்பக்கம் எய்லரான் கொடுத்ததும் இடது எய்லரான் கீழே இறங்கும். ஏற்கெனவே தள்ளாடும் இறக்கையில் காற்றுத்தடையும் தாக்குகோணமும் (காற்றை எதிர்கொள்ளும் கோணம்) இன்னும் கூடும். அந்த இறக்கை தூக்குவிசை இழந்து ஸ்டால் ஆகும். வலது எஞ்சின் முழு பலத்தோடு சுழற்றிவிட, சுழன்று விழும் ஸ்பின் தயார்.

செய்ய வேண்டிய முதல் வேலை, த்ராட்டிலை ஐடிலுக்கு, அதாவது எஞ்சின் மெல்ல ஓடும் நிலைக்கு, இறக்குவது. விமானம் தாழ்வாகத் தடுமாறும்போது பலத்தைக் குறைக்க எவருக்கும் கை வராது, தெரியும். ஆனால் மூக்கைத் திருப்புவது நின்ற எஞ்சின் இல்லை, ஓடுகிற எஞ்சின். அதை அடக்கிவிட்டால் கையில் இருப்பது சாதாரண கிளைடர். இன்னொன்றும் உண்டு. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்பும், மூக்கை இடம் வலம் திருப்பும் வால் மடலான ரடரைத் தப்பான பக்கம் கொடுத்துவிடுவோம். த்ராட்டிலுக்கு இடமும் இல்லை வலமும் இல்லை. அதனால்தான் அதற்கு முதலிடம் தருகிறேன்.

அப்புறம் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரைத் தளர்த்தி மூக்கை இறக்குங்கள், ரடரால் நேராக்குங்கள். உங்களுக்கு நேர்ந்ததுபோல் உயரமே இல்லையென்றால் எதிரே என்ன இருக்கிறதோ அதிலேயே நேராக இறக்கிவிடுங்கள், புதராக இருந்தாலும் சரி. லேண்டிங் கியர் போகும், இறக்கை மிஞ்சும். ஓடுதளத்துக்குத் திரும்பும் ஆசைதான் பல மாடல்களை முடித்திருக்கிறது. உயரம் இருந்தால், வேகம் சேர்ந்தபின் ரடர் தாங்குகிற அளவுக்கு மட்டும் த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். ரடரின் பலம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது; வேகம் பாதியானால் பலம் கால்வாசிதான். ஆள் ஓட்டும் சிறிய இரட்டை எஞ்சின் விமானங்களில், ஒரு எஞ்சின் நின்றாலும் ரடர் தாங்குகிற குறைந்தபட்ச வேகத்தை வேகமானியில் சிவப்புக் கோடாகவே போட்டு வைத்திருப்பார்கள். தரையில் நிற்கும் நமக்கு அந்த வசதி இல்லை, காதுதான் உண்டு. இரண்டு எஞ்சினும் ஓடும்போது ஒலி அலையலையாக ஏறி இறங்கும். அந்த அலை சட்டென்று மறைந்து ஒரே சுருதியானால் விரலை த்ராட்டிலுக்குக் கொண்டுபோங்கள்.

நின்ற எஞ்சின் பக்கம் திரும்பவே கூடாது என்பார்கள். த்ராட்டில் மூடி, வேகமும் இருந்தால் எந்தப் பக்கமும் திரும்பலாம் என்பது என் கட்சி. பலம் கொடுத்துப் பறக்கும்போது மட்டும் ஓடுகிற எஞ்சின் பக்கமாக, சாய்வு குறைவாகத் திரும்புங்கள்.

இனி, நிற்காமல் பார்த்துக்கொள்வது. இரண்டு எஞ்சினையும் ஒரே ஆர்பிஎம்முக்குக் கொண்டுவர வேண்டுமென்று வேகம் குறைந்ததன் நீடிலை (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசித் திருகு) இறுக்குவார்கள். கலவையில் எரிபொருள் குறைந்து, சூடேறி, பறக்கும்போது அதுதான் நிற்கும். அதற்குப் பதில், வேகமாக ஓடுவதன் நீடிலைத் திறந்து அதன் ஆர்பிஎம்மைக் கீழே கொண்டுவாருங்கள். மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப்பிடித்து முழு த்ராட்டில் கொடுத்தும் தொய்யாமல் ஓடினால்தான் பறக்கலாம். சின்னச் சின்ன ஆர்பிஎம் வித்தியாசத்தை விமானம் கண்டுகொள்ளாது. ஓடுதளத்தில் அவசரமாகத் தூக்காமல் வேகம் சேர விட்டு, தாழ்வான கோணத்தில் ஏறுங்கள்.

கேள்வி: மின் மோட்டாருக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: குறையும், ஒழியாது. கனெக்டர் கழன்றாலும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி ஒன்று சூடாகி அணைந்தாலும் இதே கதைதான். தனித்தனி பேட்டரி வைத்தால் ஒன்று முந்தித் தீர்ந்து, அந்தப் பக்க மோட்டார் முதலில் அடங்கவும் கூடும். ஆனால் ஒரு பெரிய லாபம் உண்டு. இரண்டு ஈஎஸ்சியையும் தனித்தனி சானலில் கொடுத்து, ஒரு சுவிட்சில் ஒரு மோட்டாரை அணைக்கும்படி செய்துகொள்ளுங்கள். நல்ல உயரத்தில் அணைத்துப் பழகலாம், கை தடுமாறினால் உடனே திரும்ப ஓட்டலாம். குளோ எஞ்சினில் அது நடக்காது.

கேள்வி: ரடருக்கு ஜைரோ வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். மூக்கு திரும்புவதை உங்களுக்கு முன்னால் அதுவே உணர்ந்து ரடர் கொடுக்கும். ஆபத்தும் அதில்தான். எஞ்சின் நின்றதே உங்களுக்குத் தெரியாமல் மூடி மறைக்கும். ரடர் அதன் எல்லையைத் தொட்ட பிறகு விமானம் ஒரேயடியாகப் புரளும். பறக்கும் முன் தரையில் மூக்கைக் கையால் இடப்பக்கம் தள்ளிப் பாருங்கள். ரடர் வலப்பக்கம் போகவில்லையென்றால் ஜைரோவின் திசையை மாற்றாமல் பறக்காதீர்கள்.