தோல் ஆலைக் கழிவில் செய்த உரத்தை வயலுக்கு அடிக்கலாமா?

தோல் பதனிடும் ஆலையின் சேற்றுக் கழிவைச் சாணத்தோடு சேர்த்து மக்க வைத்த உரம் இலவசமாகக் கிடைக்கிறது, கத்தரியும் கீரையும் பயிரிடும் 2 ஏக்கருக்கு அதை அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த உரத்திலேயே மாதிரி எடுத்துச் செய்த ஆய்வக அறிக்கை கைக்கு வராமல் ஒரு கூடைகூட இறக்க வேண்டாம்.

எங்கள் நிலம் பாலாற்றுப் படுகையில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையும் இப்படித்தான் 2 டிராக்டர் லோடு வாங்கி, மேட்டுக்காலின் ஒரு மூலையில் இறைத்தார். கறுப்பாக, உதிரியாக, நன்கு மக்கிய எருவைப் போலவே அது இருந்தது. கையில் அள்ளி நொறுக்கியபோதுதான் நகத்தளவு தோல் சீவல்கள், சாம்பல் கலந்த நீல நிறத்தில், விரலில் அகப்பட்டன. இரண்டு மழைக்காலம் கழித்து உழுதபோதும் அதே சீவல்கள் நிறம் மாறாமல் மேலே வந்தன. தோல் அழுகக் கூடாது என்பதற்காகத்தான் அதைக் குரோமியம் என்ற உலோகத்தின் உப்பில் பதனிடுகிறார்கள். அப்படிப் பதனிட்டதை நான்கு மாதக் குவியல் மக்கச் செய்துவிடாது.

தோலே மக்கிவிட்டாலும் குரோமியம் மக்காது. குவியலில் இருக்கும் இலைதழையும் சாணமும் மக்கும்போது அவற்றின் கரிமப் பொருளில் பெரும்பகுதி கரியமில வாயுவாக வெளியேறிவிடுகிறது. உலோகம் எங்கும் போவதில்லை. ஆகவே குவியலின் எடை பாதியாகக் குறைந்தால் ஒவ்வொரு கிலோவிலும் உள்ள உலோகம் இருமடங்காகிறது. ‘நன்றாக மக்கிவிட்டது, இனி பயமில்லை’ என்று சொல்லி விற்பவர்களின் பேச்சு நோய்க்கிருமிகளுக்குப் பொருந்தலாம், உலோகத்துக்குப் பொருந்தாது.

நகரக் குப்பையில் தயாரிக்கும் உரத்துக்கு 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்துள்ள உச்சவரம்பு, கிலோவுக்குக் குரோமியம் 50 மில்லிகிராம், காட்மியம் 5, ஈயம் 100, நிக்கல் 50. இந்த வரம்புக்குள் நிற்கும் உரத்தை ஏக்கருக்கு 10 டன் அடித்தால் அதிகபட்சம் அரை கிலோ குரோமியம் நிலத்தில் சேரும். தோல் ஆலைச் சேற்றிலோ குரோமியம் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் இருப்பது வழக்கம். சாணம் கலந்த பிறகு 2,000 என்று வைத்துக்கொண்டாலும் அதே 10 டன்னில் 20 கிலோ இறங்கிவிடும். ஓர் ஏக்கரின் மேல்மண், அரை அடி ஆழத்துக்கு, ஏறத்தாழ 8.5 லட்சம் கிலோ எடை கொண்டது. ஒரே தடவையில் அதன் ஒவ்வொரு கிலோவிலும் 23 மில்லிகிராம் கூடுகிறது, அடுத்த தடவை அதன்மேல் இன்னொரு 23. அதைத் திரும்ப வெளியே எடுக்க விவசாயியிடம் வழி எதுவும் இல்லை. ‘மண்வள அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது, ஏனெனில் அந்த அட்டையின் 12 அளவீடுகளில் குரோமியமோ காட்மியமோ ஈயமோ இல்லை.

குரோமியத்தின் பெரும்பகுதி வேரோடு நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் அதில் ஒரு பங்கை, நீரில் கரைந்து கிணறு வரை போகக்கூடிய நச்சு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியமாக மாற்ற வல்லவை. காட்மியம் கலந்திருந்தால் கவலை இன்னும் அதிகம்; அது எளிதாக இலைக்கு ஏறும், கீரை அதை மற்றப் பயிர்களைவிட அதிகமாக இழுக்கும், செடியோ வாடாமல் பச்சையாகவே நிற்கும்.

ஏற்கெனவே ஓரிடத்தில் அடித்துவிட்டீர்கள் என்றால், முதலில் என்ன உலோகம் என்று தெரிந்துகொள்ளுங்கள். காட்மியமாக இருந்து மண்ணும் அமிலத்தன்மை உடையதாக இருந்தால் சுண்ணாம்பு இடுவது அதன் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்குச் சுண்ணாம்பு உதவாது, சுத்தமான தொழுவுரம் போன்ற கரிமப் பொருளே அதைத் தீங்கு குறைந்த வடிவத்துக்குத் திருப்பும். மாதிரி எடுக்கும்போது இரும்பு மண்வெட்டி பட்ட மண்ணை மூங்கில் சிம்பால் சுரண்டி ஒதுக்கிவிட்டு, பத்துப் பதினைந்து இடங்களில் அரை அடி ஆழம் வரை எடுத்துக் கலந்து, ‘மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம், காட்மியம், ஈயம், நிக்கல்’ என்று எழுதிக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் தழை, மணி, சாம்பல் சத்து மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் மூலையில் இப்போது கீரையை நிறுத்திவிட்டுச் சவுக்கு வைத்திருக்கிறோம்.