கொடி ஹைட்ரேஞ்சியா உப்புவெளி மதிலில் ஏறுமா?

கேள்வி: ரொறொன்ரோவில் தங்கை கொடி ஹைட்ரேஞ்சியா நட்டு 3 வருடமாகிறது. இலை தவிர வேறொன்றும் இல்லை. இருந்தாலும் அடுத்த முறை வரும்போது ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லலாமா? எங்கள் மேற்கு மதில் வெறுமையாகக் கிடக்கிறது. – வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: தங்கையைப் பொறுக்கச் சொல்லுங்கள். இந்தக் கொடி முதல் 3 முதல் 5 வருடங்கள் வேரைத்தான் ஊன்றும். ஒன்று மட்டும் கேளுங்கள்: எப்போது வெட்டுகிறா? போன வருடக் கிளையில்தான் மொட்டு வரும். குளிர் முடிந்ததும் "துப்புரவாக்குகிறேன்" என்று வெட்டினால், வரவிருந்த பூவும் குப்பைக்குப் போய்விடும். வெட்டுவதானால் கோடையில் பூத்து முடிந்த கையோடு. நைதரசன் பசளையையும் குறைக்கச் சொல்லுங்கள். அது இலையைத்தான் கூட்டும்.

உங்கள் மதிலுக்கோ, வேண்டாம். ஜப்பான், கொரிய மலைக்காடுகளின் கொடி இது. இலையுதிர்த்துக் குளிரில் உறங்கி எழும்பினால்தான் ஒழுங்காகப் பூக்கும். நமக்கு மார்கழியிலும் அந்தக் குளிர் கிடையாது. சுவரைப் பற்றுவது தண்டில் முளைக்கும் சிறு வேர்களால். ஆடி மாத மாலை வெயிலில் கொதிக்கும் மேற்கு மதிலில் அவை கருகிவிடும். நுவரெலியாவில் கொத்துக் கொத்தாகப் பூப்பது வேறு இனம், செடி வகை. அதைச் சாடியில் கொண்டுவந்தவர்கள் ஒரு கச்சான் காற்றோடு (வறண்ட மேல்காற்று) கைவிட்டதைக் கண்டிருக்கிறேன். இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் உயிர்க்கன்று கொண்டுவரவும் முடியாது.

அந்த மதிலுக்கு நான் வைப்பது இரங்கூன் மல்லி. அந்தியில் வெள்ளையாக விரிந்து, ரோசாவாகி, பிறகு சிவக்கும், இரவில் வாசம். வெயில்தான் அதற்கு விருப்பம். ஐப்பசி மழை தொடங்கியதும் மதிலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, 2 அடிக் குழி வெட்டுங்கள். நம் மணல் தண்ணீரைப் பிடிக்காது. அடியில் பொச்சுமட்டையை நார்ப்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மக்கிய மாட்டெருவோடு மண்ணை நிரப்புங்கள். இது தானாகச் சுவரைப் பற்றாது, பாரமும் கூட. தடித்த கம்பி இழுத்துக் கட்டவேண்டும். புதுக்கிளையில் பூப்பதால் துணிந்து வெட்டலாம், தங்கையின் கொடிக்கு நேரெதிர்.

கிணறு உவரென்றால் போகன்வில்லாவே நல்லது. நகரப்பக்க மான்கள் உங்கள் வளவுக்கும் வருமென்றால், கன்று ஆளுயரம் தாண்டும்வரை சுற்றி வலை அடித்துவிடுங்கள்.