டம்ளர் அதிரும் ராத்திரி – ஒரு வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணா,

புதுச்சேரிக்கு வடக்கே, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள ஒரு மீனவக் குப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரும் என் பெயரும் வேண்டாம், எல்லாரும் முகம் பார்த்துப் பழகுகிறவர்கள். எங்கள் பக்கத்துக் கடற்கரையின் விடியற்காலையைப் பற்றிப் போன வருஷம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நாலைந்து பேர் கடைக்கே வந்து வழி கேட்டார்கள். அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி, கடல் பக்கமாக, ஒரு கஃபே வந்திருக்கிறது. மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை. வெள்ளி, சனி என்றால் டிஜே. விடுமுறை சீசனில் தினமும். சரக்கு புதுச்சேரி பக்கத்திலிருந்து வந்துவிடும். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணி வரை ஓடுகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகிறது, அவரால் தூங்க முடியவில்லை. போலீசுக்குப் போன் செய்தால் வருகிறார்கள். சத்தம் குறைகிறது. ஜீப் தெருமுனை திரும்பியதும் பழையபடி ஏறிவிடுகிறது. சில நாள் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும். அதைச் சொன்னால் "அது அவங்க லிமிட்டுப்பா" என்கிறார்கள். கஃபே முதலாளி, "சீசன் மூணு மாசம்தான் தம்பி, நீயும் இதுல நாலு காசு பாக்குற இல்ல?" என்கிறார். அதுவும் உண்மைதான். டிசம்பரில் எனக்கு நடக்கும் வியாபாரம் வேறு மாதங்களில் நடப்பதில்லை.

இப்போது ஊர்ப் பெரியவர்கள் ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் குடித்துவிட்டு அரைகுறை உடையோடு ஆடுவது நம் பண்பாட்டுக்கு ஆகாது, அதை நிறுத்த வேண்டும் என்று. என்னிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடுவதா? போட்டால் ஊர்ப் பிழைப்பைக் கெடுத்தவன் ஆவேனா? இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. உங்களைப் போன்றவர்கள் எழுதித்தானே இவ்வளவு கூட்டம் வருகிறது?

– ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

அந்த மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள். நாம் வேறு மனு எழுதுவோம்.

முதலில் கடைசிக் கேள்வி. அந்தக் கட்டுரையில் கட்டுமரத்தையும் விடியல் வெளிச்சத்தையும் எழுதினேன். அங்கே வீடுகள் இருக்கின்றன, அந்த வீடுகளில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கடலுக்குப் போகிறவர்கள் தூங்குகிறார்கள் என்பதை எழுதவில்லை. வருகிறவர்களுக்கு அது ஆளில்லாத மணல் என்ற எண்ணத்தைக் கொடுத்ததில் என் எழுத்துக்கும் பங்கு உண்டு. அந்தக் கட்டுரை வந்த பக்கத்திலேயே உங்கள் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் சத்தம் எனக்குத் தெரியும். புதுச்சேரியில் கடலோரத் தெரு ஒன்றில் இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்தேன். டிசம்பர் 31 ராத்திரி, வீட்டுக்கார அம்மா சமையலறை அலமாரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி கிணுகிணுவென்று சத்தம் போட்டபடி இருந்தன. அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் ஈரிழைத் துண்டை விரித்து, இடைவெளி விட்டுக் கவிழ்த்து வைத்தார். ஜன்னலைச் சாத்தினேன். பாட்டு நின்றுவிட்டது, பாடுகிறவர் குரல் போய்விட்டது. அந்த 'தும் தும்' மட்டும் அப்படியே இருந்தது. மார்புக்கூட்டில் கை வைத்தால் தெரிந்தது. அந்த அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார். பஞ்சுக்கு அது கட்டுப்படவில்லை.

ஏன் கட்டுப்படவில்லை என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். உங்கள் வழக்குக்கு அது முக்கியம் என்பதால் சொல்கிறேன். கீச்சென்ற உயர்ந்த ஒலியைச் சுவரும் ஜன்னலும் காற்றுமே தின்றுவிடும். பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கு அலைநீளம் அதிகம், அது செங்கல் சுவரைச் சுலபமாகக் கடந்து வரும். ஸ்பீக்கரைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம் என்று முதலாளி சொல்வார். பாட்டுக்கு அதனால் கொஞ்சம் பலன் உண்டு. பேஸ் நாலா பக்கமும் பரவும், திருப்பி வைத்து ஆகப்போவது சொற்பம். போதாததற்கு மார்கழியில் உங்கள் கரையில் வடகிழக்கு வாடை அடிக்கிறது. கடலோரத்துச் சத்தத்தை அது ஊருக்குள் கொண்டுவந்து கொட்டும்.

இன்னொரு கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். ஸ்பீக்கரிலிருந்து 5 மீட்டரில் 95 டெசிபெல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் நடக்கும் இடத்தில் அது சாதாரணம். 10 மீட்டரில் 89, 20-ல் 83, 40-ல் 77, 80-ல் 71, 160 மீட்டரில் 65. உங்கள் வாசல் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் ராத்திரிக்கு நம் நாட்டு விதி அனுமதிப்பது 45. டெசிபெல்லில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, 20 கூடினால் நூறு மடங்கு. உங்கள் அப்பா தாங்கிக்கொண்டிருப்பது இந்த நூறு மடங்கை. இதில் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. அதிகாரிகள் கொண்டுவரும் மீட்டர் 'ஏ' அளவுகோலில் அளக்கும். அது மனிதக் காதை ஒட்டி அமைக்கப்பட்டது, தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் காட்டும். மீட்டரில் எண் சின்னதாக வந்து, வீட்டில் டம்ளர் ஆடிக்கொண்டிருந்தால் நீங்கள் பொய் சொல்வதாக ஆகாது. அந்த டம்ளர் ஆடுவதைக் காணொளியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விதி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் ஒலிபெருக்கியும் இசைக்கருவியும் மூடிய அரங்குக்குள்தான் இயங்கலாம். மொட்டை மாடி மூடிய அரங்கு ஆகாது, கீற்றுக் கொட்டகையும் ஆகாது. தனியார் இடத்தின் வேலி ஓரத்தில் அளந்தால், அந்தப் பகுதிக்கான அளவைவிட 5 டெசிபெல்லுக்கு மேல் கூடக்கூடாது. குடியிருப்பு என்றால் வேலியில் ராத்திரி 50. விழா நாட்களுக்கு மாநில அரசு விலக்கு கொடுக்கலாம். அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் போகக்கூடாது, அந்த நாளிலும் 12 மணி வரைதான். புத்தாண்டு இரவுக்கும் இதே கணக்குதான். ஆக, உங்கள் முதலாளி சொல்லும் மூணு மாச சீசனுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் கொடுத்த தீர்ப்பில், நிம்மதியாக வாழும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்குள் வருகிறது என்றும், விரும்பாதவர் காதில் சத்தத்தைத் திணிக்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. கோயில் ஒலிபெருக்கிக்கும் மசூதிக்கும் அரசியல் கூட்டத்துக்கும் டிஜேவுக்கும் ஒரே விதி.

பெரியவர்களின் மனுவை நான் ஏன் எதிர்க்கிறேன் என்பது இங்கிருந்துதான் வருகிறது. அந்த மனு சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை, ஆடுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஒரு பெண் என்ன உடுத்திக்கொண்டு யாரோடு ஆடுகிறாள் என்பது உங்கள் அப்பாவின் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆடினாலும் சத்தம் அதேதான். அப்படி ஒரு மனு கொடுத்தால் என்ன நடக்கும் என்று பலமுறை பார்த்துவிட்டேன். ஒரு வாரம் கெடுபிடி இருக்கும். விடுதி அறைகளில் சோதனை நடக்கும், தனியாக வந்த இரண்டு பெண்கள் அவமானப்பட்டுத் திரும்புவார்கள். செய்தி வரும். பிறகு எல்லாம் அடங்கும், ஸ்பீக்கர் இருந்த இடத்திலேயே இருக்கும். முதலாளியும் "இவங்க பழமைவாதிங்க சார்" என்று ஒரே வரியில் உங்களை ஒதுக்கிவிடுவார். அதே முதலாளியிடம் "உங்கள் வேலியில் 50-க்கு மேல் போகிறது" என்று சொன்னால் அவரிடம் பதில் இருக்காது.

ஊர்ப் பிழைப்பு என்கிறீர்கள். கடலுக்குப் போவதும் ஊர்ப் பிழைப்புதானே? மூன்று மணிக்குப் படகை இறக்க வேண்டியவன் இரண்டு மணி வரை புரண்டு படுத்துவிட்டு, தூக்கக் கண்ணோடு அலை உடையும் இடத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. கூடையோடு கிளம்பும் பெண்களுக்குச் சந்தில் குறுக்கே நிறுத்திய ஸ்கூட்டர்களைத் தாண்ட வழியில்லை. சத்தத்தில் வரும் லாபம் முதலாளி ஒருவருக்கு, அதன் செலவு மொத்தமும் இவர்களுக்கு என்று இருக்கும் வரை அவர் சத்தத்தைக் குறைக்கமாட்டார். மூடிய அறை கட்டுவதும், ஆம்ப்ளிஃபயரில் குறிப்பிட்ட அளவு தாண்டினால் தானே அமுக்கும் லிமிட்டர் மாட்டுவதும் அவர் செலவாக இருக்க வேண்டும். கோவாவின் பலோலெம் கடற்கரையில் இதே பத்து மணி விதியால்தான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடும் விருந்துகள் வந்தன. முன்னூறு பேர் ஆடுவார்கள், பக்கத்தில் அலைச்சத்தம் கேட்கும். ஸ்பெயினின் மயோர்க்கா, இபிசா தீவுகள் பயணிகளை நம்பியே வாழ்கின்றன. அங்கேயே 2020 ஜனவரியில், குடிக்கூத்துக்குப் பேர்போன சில பகுதிகளில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் போன்ற மது சலுகைகளையும், பார் பாராகக் கூட்டிக்கொண்டு போகும் குடி ஊர்வலங்களையும் தடை செய்தார்கள். இரவு 9.30-க்கு மேல் கடைகளில் மது விற்பனையையும் நிறுத்தினார்கள். பயணிகளை வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த வியாபாரம் ஊரைக் கெடுக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள்.

கூட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் டிசம்பர் 31 வந்துகொண்டிருக்கிறது. 2022 அக்டோபர் 29 இரவு சியோல் நகரின் இதேவானில் ஏற்பட்ட நெரிசலால் 159 பேர் உயிர் போனது. ஏறக்குறைய மூன்றேகால் மீட்டர் அகலச் சந்து. நெருக்குகிறது, செத்துவிடுவோம் போலிருக்கிறது என்ற முதல் அழைப்பு மாலை 6.34-க்கே அவசர எண்ணுக்கு வந்துவிட்டது. நெரிசல் உயிரைக் குடித்தது பத்து மணிக்கு மேல். நடுவில் இருந்த மூன்றரை மணி நேரத்தில் யாரும் வழியை மாற்றிவிடவில்லை. காரணம், அந்தக் கூட்டத்துக்கு ஏற்பாட்டாளர் என்று ஒருவர் இல்லை. புத்தாண்டு இரவின் கடற்கரைக் கூட்டமும் இப்படித்தான், யாரும் கூட்டுவதில்லை, தானே சேர்கிறது. சேரும்போது ஐந்து மணி நேரத்தில் சேரும், பன்னிரண்டு அடித்ததும் ஒரே நேரத்தில் கிளம்பும். புதுச்சேரி பீச் ரோடு அகலம், மாலையானால் வண்டி கிடையாது, கடலிலிருந்து ஊருக்குள் போக நேர் தெருக்கள் பல உண்டு. உங்கள் குப்பத்துச் சந்துகள் அப்படி இல்லை. எந்தச் சந்து வரும் வழி, எது போகும் வழி, ஆம்புலன்ஸ் எதில் நுழையும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். நம் மனுவில் இது முதல் பத்தியாக வரட்டும்.

விளக்கைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள். ஜனவரி பிறந்தால், பங்குனி ஆமை என்று நாம் சொல்லும் ஆலிவ் ரிட்லி கடலாமை முட்டையிடக் கரையேறும் காலம். பொரிந்த குஞ்சு வெளிச்சம் இருக்கும் திசையைக் கடல் என்று நம்பி நகரும். மொட்டை மாடி ஃபோகஸ் லைட் எரிந்தால் அது தெருவுக்கு வந்து நாய் வாயில் விழும். உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது வேலை. ஒரு நாற்பது பக்க நோட்டு எடுங்கள், கடையிலேயே இருக்கும். தேதி, சத்தம் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எங்கே நின்று கேட்டீர்கள், போலீசுக்கு எப்போது அழைத்தீர்கள், எப்போது வந்தார்கள், போன பிறகு எத்தனை நிமிடத்தில் மறுபடி ஏறியது. கோபத்தை அதில் எழுதாதீர்கள், நேரத்தை மட்டும் எழுதுங்கள். போன் ஆப்பில் காட்டும் டெசிபெல் நீதிமன்றத்தில் நிற்காது, ஆனாலும் எழுதுங்கள். இரண்டு வாரம் போதும். விதிப்படி நடவடிக்கை எடுக்க வேண்டியவர் மாவட்ட ஆட்சியர், அல்லது டிஎஸ்பி பதவிக்குக் குறையாமல் நியமிக்கப்பட்ட அதிகாரி. ஜீப்பில் வரும் ஏட்டையாவோடு நீங்கள் மல்லுக்கு நிற்க வேண்டாம், அவர் கையில் அதிகாரம் குறைவு. பொதுத் தொல்லை என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவில் கோட்டாட்சியரிடமும் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று இருந்ததே, அதுதான்.

எல்லைப் பிரச்சினைக்கு ஒரே மனுவை இரண்டு பக்கமும் கொடுப்பதுதான் வழி. விழுப்புரம் ஆட்சியர், புதுச்சேரி ஆட்சியர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். நாலு பேர் பெயரும் ஒரே தாளின் தலைப்பில் இருக்கட்டும், ஒருவருக்குக் கொடுத்தது மற்றவருக்குத் தெரிய வேண்டும்.

கையெழுத்து வாங்கும்போது பெரியவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களும் தூங்காதவர்கள்தான். பண்பாட்டு வரிகளை எடுத்துவிட்டு நேரத்தையும் எண்ணையும் போட்டுக் காட்டினால் முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். கஃபேயில் வேலை பார்க்கும் உங்கள் ஊர்ப் பையன்களிடமும் கேளுங்கள். ராத்திரி முழுக்க அந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்பது அவர்கள்தான்.

நோட்டின் முதல் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன். டிசம்பர் 20-க்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும் அன்று நானும் வருகிறேன். அப்பாவிடம் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அதுவரைக்கும் அவர் கட்டிலைக் கடல் பக்கச் சுவரிலிருந்து உள் அறைக்கு மாற்ற முடியுமா பாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்