பட்டியல் பிரஸ்ஸல்ஸ் கையில், உத்தரவாதம் உங்கள் தலையில்

கேள்வி: கோவையில் ஒன்பது பேரை வைத்து மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். வேலைக்கு வரும் பயோடேட்டாக்களைப் பிரித்துக் கொடுக்கும் எங்கள் ஏஐ கருவியை ஜெர்மனியில் உள்ள ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனம் தன் லோகோவில் ஓட்டுகிறது. 2025 ஜனவரியில் மூன்று வருட ஒப்பந்தம் போட்டோம். இப்போது, ‘ஐரோப்பிய ஒன்றிய ஏஐ சட்டத்தின் அதிக அபாயப் பட்டியலை ஐரோப்பிய ஆணையம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் வரும் நஷ்டம் முழுவதையும் ஏற்பதாக எழுதிக் கொடுங்கள்’ என்கிறார்கள். அதுவரை 22,000 யூரோ பில்லை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை அதிகாரிகள் மாற்றுவது செல்லுமா? வழக்குப் போடலாமா?

பதில்: செல்லும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தமே 290வது பிரிவில் இதற்கு இடம் கொடுக்கிறது. சட்டத்தின் உயிர்நாடியைத் தொடாத விஷயங்களை மாற்றும் அதிகாரத்தை ஆணையத்திடம் ஒப்படைக்கலாம். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 87வது பிரிவில் மத்திய அரசு விதி போடுகிறதே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே விதி அமலுக்கு வந்த பிறகு நாடாளுமன்றத்தின் மேஜைக்குப் போனாலும் போதும். அங்கே ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அடங்கிய கவுன்சிலும் மூன்று மாதத்துக்குள் ஆட்சேபிக்காவிட்டால்தான் விதிக்கு உயிர் வரும். அவர்கள் கேட்டால் இன்னொரு மூன்று மாதம் கூடும்.

அந்த மேலாளர் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பியவர், நான்கு வருடப் பழக்கம் என்றெல்லாம் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அது வழக்கில் ஒரு வரிகூட ஆகாது. மூன்றரைக் கோடி யூரோ அபராதம் பற்றிய பயமும் வேண்டாம். அது ஏஐ சட்டத்தின் 5வது பிரிவில் தடை செய்த காரியங்களுக்கு; அந்தத் தடைப் பட்டியலை ஆணையம் இந்த அதிகாரத்தால் தொடவும் முடியாது.

எனக்கு முக்கியமாகப் பட்டது உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் வந்த ஒரு வரி: ‘ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வரும்.’

ஒப்பந்தத்தின் 11வது ஷரத்தில், உங்கள் கருவி ஏஐ சட்டம் கடுமையான கடமைகளைச் சுமத்தும் ‘அதிக அபாய’ வகையில் வராது, ஒப்பந்தக் காலம் முழுவதும் வராது என்று உத்தரவாதம் கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த வகையைப் பட்டியலிடும் மூன்றாவது இணைப்பில் விண்ணப்பங்களை வடிகட்டுவதும், ஆட்களை மதிப்பிடுவதும் பெயர் சொல்லியே இருக்கின்றன. ‘நாங்கள் செய்வது வெறும் ஆயத்த வேலை’ என்று, அந்த வகையிலிருந்து விடுவிக்கும் 6(3) விலக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே பிரிவின் கடைசி வாக்கியத்தைப் படியுங்கள்: தனிமனிதரைப் பற்றிய தகவலை வைத்து அவரை எடைபோட்டால் விலக்கே கிடையாது. ஆளுக்கு மதிப்பெண் போடுவது வேறென்ன? ஆக, நாளை பட்டியல் மாறி உங்கள் உத்தரவாதம் உடையப் போவதில்லை. கையெழுத்துப் போட்ட அன்றே அது பொய்யாக இருந்திருக்கிறது. இது அவர்கள் கண்ணில் படுவதற்கு முன் பேச்சுவார்த்தையை முடிக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் என் கட்சிக்காரர்கள் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். ஒருவர் இதே மாதிரிக் கருவியில் திரையில் தெரிந்த மதிப்பெண்ணை மட்டும் மறைத்தார். எக்ஸெல்லாக இறக்கும்போது பதினான்காவது நெடுவரிசையில் தரவரிசை எண் அப்படியே இருந்தது. வாங்கியவரின் ஆடிட்டர் கோப்பைத் திறந்த நிமிடமே கதை முடிந்தது. தவறு என்று இருந்தது, மறைத்தார் என்று ஆகிவிட்டது.

இன்னொருவர் மதிப்பெண்ணை நேர்மையாகவே எடுத்தார், விலக்குக்கான மதிப்பீட்டையும் எழுதி வைத்தார். ஆனால் பதறிப்போய் ஒரு மின்னஞ்சல் போட்டார்: ‘விதி எப்போது மாறினாலும் உடனே மாற்றித் தருகிறோம், கவலை வேண்டாம்.’ காசைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒப்படைத்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குத் தெரியாது. 7வது பிரிவின்படி மூன்றாவது இணைப்பில் புதுப் பயன்பாடுகளைச் சேர்க்கலாம். 6வது பிரிவின்படி அந்த விலக்கின் நிபந்தனைகளில் ஒன்றையே நீக்கலாம். 11வது பிரிவின்படி தொழில்நுட்ப ஆவணத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் திருத்தலாம். பட்டியல் அசையாமலே ஆவணம் மட்டும் மாறினால்கூட உங்கள் பையன்கள் இரண்டு பேர் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்த மின்னஞ்சல் படி, இலவசமாக.

அப்புறம், ‘தேதியே தள்ளிப்போகிறது, எங்களுக்கு என்ன அவசரம்’ என்ற பதிலை அனுப்பிவிடாதீர்கள். அதிக அபாய விதிகளைத் தள்ளிவைக்க 2025 நவம்பரில் ஆணையம் கொண்டுவந்தது திருத்தச் சட்டத்துக்கான முன்மொழிவு. அப்படிப்பட்ட சட்டத்தை நாடாளுமன்றமும் கவுன்சிலும் சேர்ந்துதான் நிறைவேற்ற முடியும், ஆணையம் தன் அதிகாரத்தில் செய்யக்கூடியது அல்ல. அதைவிட முக்கியம், உங்கள் 11வது ஷரத்து தேதியைப் பற்றிப் பேசவே இல்லை. வகையைப் பற்றித்தான் பேசுகிறது.

சரி, வழக்கு? ஜெர்மன் சட்டம், ஃபிராங்க்ஃபர்ட்டில் நடுவர் மன்றம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. 22,000 யூரோவுக்காக அங்கே போனால் வக்கீல் செலவே அதை விழுங்கிவிடும். போய் நின்றதும் எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவது அந்த மதிப்பெண்ணைப் பற்றித்தான். சமரசமாகப் போங்கள்.

உங்கள் கையில் ஒரு சீட்டு இருக்கிறது. கருவி அவர்கள் லோகோவில் ஓடுகிறது. தன் பெயரில் வெளியிடுபவரே சட்டப்படி வழங்குநர் என்று பார்க்க இடம் உண்டு. வழங்குநரின் கடமைகளும் அவர் தலையில் விழும். அதைத் தெரிந்துகொண்டுதான் உங்களிடம் எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். எனவே அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிறுத்திவைத்த பில்லில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, 11வது ஷரத்தைத் திருத்திக் கேளுங்கள். பழைய உத்தரவாதத்தின் பேரில் இனி கோரிக்கை இல்லை என்று எழுத வேண்டும். புதிய உத்தரவாதம் கையெழுத்திடும் நாளுக்கு மட்டும்தான். விதி மாறினால் செலவு பாதிக்குப் பாதி, ஒத்துவராவிட்டால் இருவரும் விலகலாம், உங்கள் பொறுப்புக்கு ஒரு வருடக் கட்டணம் உச்சவரம்பு. விதி மாற்றத்துக்கான இந்தக் கடிகாரம் ஆணையம் விதியை ஏற்கும் நாளிலிருந்து ஓட வேண்டும், அமலுக்கு வரும் நாளிலிருந்து அல்ல. அந்த மூன்று மாத ஆட்சேபக் காலம் அப்படியே உங்களுக்கு அவகாசமாகக் கிடைக்கும். வரைவை ஒரு ஜெர்மன் வக்கீலிடம் ஒரு மணி நேரம் காட்டிவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள், ஆனால் இப்போதைய பதிப்பை அழிக்காதீர்கள். தேதி போட்டு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, எப்போது எதை மாற்றினீர்கள் என்று குறித்துக்கொண்டே மாற்றுங்கள்.