பழைய ஆய்வக ஃப்ரீசர் வாங்குவது குறித்து
வணக்கம் ஐயா. காட்பாடி வீட்டின் மாடியறையில் பெப்டைடுகள் எனும் சிறு புரதத் துண்டுகளைப் பல ஆண்டுகள் வைத்திருக்க, பழைய மைனஸ் 80 டிகிரி ஆய்வக ஃப்ரீசரை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. உலர்தூளாக மூடப்பட்ட பெப்டைடுகளுள் பெரும்பாலானவற்றுக்கு மைனஸ் 20 டிகிரியே போதும். குளிர் ஏறி இறங்காமலும் ஈரம் புகாமலும் இருப்பதுதான் அதைவிட முக்கியம் என்பதால், தானாகப் பனி உருக்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். பழைய மைனஸ் 80 பெட்டி நாளொன்றுக்கு 10 யூனிட்டுக்கு மேலும் மின்சாரம் இழுக்கக்கூடியது. 40 டிகிரியைத் தாண்டும் நம் வேலூர்க் கோடையில், மாடியறைச் சூட்டில் அதன் கம்ப்ரசர் படும் பாட்டை நினைத்தாலே கவலையாக இருக்கிறது. மைனஸ் 20 பெட்டி கிடைத்தால், முன்பு அதில் என்ன வைத்திருந்தார்கள் என்று கேட்டு, கிருமிநீக்கம் செய்ததை எழுத்தில் வாங்கி, ஒரு முழு நாள் ஓடவிட்டுத் தனி வெப்பமானியால் அளந்த பிறகே பணம் கொடுங்கள். வெளியே எடுக்கும் குப்பியை, அறை வெப்பத்துக்கு வந்த பின்பே திறக்க வேண்டும்.