மழலையர் வகுப்பு டீச்சராக என்ன படிக்க வேண்டும்? கேள்வி பதில்

கடலூரிலும் புதுச்சேரியிலுமாக 22 ஆண்டுகள் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு எடுத்தேன். இப்போது புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்திருக்கிறேன் டீச்சர். எந்தப் படிப்பில் சேரலாம்? (மஞ்சக்குப்பம்)

ரெண்டு வருஷம் ஒதுக்க முடியும் என்றால் டி.பி.எஸ்.இ., அதாவது முன்பருவக் கல்விப் பட்டயம். ஆசிரியர் கல்விக்கான தேசிய கவுன்சிலான என்.சி.டி.இ. வகுத்த படிப்பு. வீட்டிலிருந்தே படிக்க வேண்டுமென்றால் இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டி.இ.சி.இ. என்ற சிறு குழந்தைகள் பராமரிப்பு, கல்விப் பட்டயம் இருக்கிறது, பிளஸ் டூ போதும், குறைந்தது ஒரு வருஷம். ஒன்றாம் வகுப்புக்கு மேலும் எடுக்க ஆசை, அரசுப் பள்ளிதான் குறி என்றால் டி.எல்.எட்., அதாவது தொடக்கக் கல்விப் பட்டயம் படித்து, டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளை எழுதுங்கள். 2020 கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரை ஒரே கட்டமாகப் பார்க்கிறது. அதனால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பாடம் எப்படிப் போகிறது என்று தெரிந்து வைத்திருந்தால் உங்களுக்கு நல்லது.

பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த நிறுவனத்துக்கு அந்தப் படிப்பை நடத்த அங்கீகாரம் இருக்கிறதா என்று என்.சி.டி.இ. தளத்தில் நீங்களே பாருங்கள். அவர்கள் காட்டும் ஜெராக்ஸை நம்பாதீர்கள்.

ஒரு மாத ஆன்லைன் மாண்டிசோரி சான்றிதழ், 18,000 ரூபாய். சேரலாமா? (முத்தியால்பேட்டை)

வேண்டாம். மாண்டிசோரி என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். இந்தக் கற்பிக்கும் முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஊர் ஆசிரியர்களுக்கு நேரில் பயிற்சி கொடுத்தவர். அவருடைய கருவிகளைக் கையில் எடுத்து, குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டும். போன் திரையில் அது வராது. மறுபடி சொல்கிறேன், அங்கீகாரம் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

சம்பளம் எவ்வளவு வரும்?

தனியார் பள்ளிகளில் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு தொகை. எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

மூன்றரை வயதுப் பையன். ஸ்கூலில் எழுதவே வைப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ டு இசட் எழுதுகிறது. நாங்கள் ஏமாந்துவிட்டோமா? (லாஸ்பேட்டை)

இல்லைம்மா, நல்ல பள்ளியில்தான் சேர்த்திருக்கிறீர்கள். பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் வெறும் குருத்தெலும்பு. மூன்று வயதில் அவற்றில் மூன்று நான்குதான் எலும்பாக இறுகத் தொடங்கியிருக்கும். எட்டாவது இறுகப் பத்து வயதை ஒட்டி ஆகிவிடும். பென்சிலை மூன்று விரலால் பிடிப்பதே பெரும்பாலும் நாலு வயதுக்கு மேல்தான் நிலைக்கிறது. அதற்கு முன் நாலு வரி நோட்டில் எழுத வைத்தால் பிள்ளை பென்சிலை முஷ்டியால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை மாற்ற யு.கே.ஜி.யில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

சப்பாத்தி மாவு பிசையவும், ஈரத்துணி பிழியவும், கொடியில் கிளிப் மாட்டவும் விடுங்கள். சாயங்காலம் சில்வர் பீச்சுக்கோ உங்கள் ஊர்க் கடற்கரைக்கோ போனால் ஈர மணலில் பெரிய பெரிய வட்டம் போடட்டும். எழுதுவதற்கான தயாரிப்பே இதுதான்.

டீச்சர், எலும்புக் கணக்கெல்லாம் சரி. நான் யு.கே.ஜி. எடுக்கிறேன். நோட்டு நிறையவில்லை என்றால் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள், ஒன்றாம் வகுப்பில் எழுதச் சொல்லிப் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது? (வில்லியனூர்)

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும், நானும் அதில் இருந்தவள்தான். ஆனால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் பிள்ளைக்குத் தேர்வு வைப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடை செய்கிறது. நடக்கிறது என்பதற்காக நாம் அதற்குப் பிள்ளையைத் தயார் செய்து கொடுக்கக் கூடாது. நோட்டுக்குப் பதிலாக ஒரு கோப்பு வையுங்கள். ஜூன் மாதம் அவன் வரைந்த மனிதன், டிசம்பரில் வரைந்த மனிதன், தேதி போட்டு. ஜூனில் தலையிலிருந்து நேரே கால் முளைத்திருக்கும். டிசம்பரில் வயிறு, விரல், காது எல்லாம் வந்திருக்கும். பெற்றோரைக் கூப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். என் வகுப்பில் சண்டைக்கு வந்த ஒரு அப்பா அந்தப் படத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அப்படியானால் அந்தக் காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்ன வயதிலேயே எழுதினார்களே? (அதே வில்லியனூர் டீச்சர்)

எதில் எழுதினார்கள் என்று பாருங்கள். மணலில், விரலால். பென்சிலைப் பிடிக்கும் பாரமே அங்கே இல்லை. நான் சொல்வதும் அதைத்தான்.

சம்பளம் பற்றிச் சொல்லவில்லையே?

மேலே இருக்கிறது.

ஒரு மாத கோர்ஸ் போதுமா?

போதாது. இதுவும் மேலே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஆண்கள் இந்த வேலைக்கு வரலாமா? (கடலூர் ஓ.டி.)

வாருங்கள் தம்பி. அங்கன்வாடிப் பணி பெண்களுக்கு மட்டும்தான். தனியார் மழலையர் பள்ளியில் முயலுங்கள்.

பொண்ணுக்கு மூணு வயசு, இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை. ஸ்கூலில் சேர்த்தால் சரியாகிவிடுமா?

ஸ்கூலுக்காகக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே காதைப் பரிசோதியுங்கள். ஜிப்மரிலோ மாவட்ட அரசு மருத்துவமனையிலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இது டீச்சர் சொல்ல வேண்டிய விஷயமல்ல.

பேத்திக்கு விஜயதசமியில் தாம்பாளத்து அரிசியில் 'அ' எழுத வைத்தோம். மூன்று வயது. தப்பு செய்துவிட்டோமா அம்மா? (திருப்பாதிரிப்புலியூர்)

ஒரு தப்பும் இல்லை ஐயா. தாம்பாளத்தைப் பரணில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். நாளைக்கும் அவளே கேட்பாள். 'அ'தான் எழுத வேண்டும் என்று சொல்லாதீர்கள். மீன் போடட்டும், கோலம் போடட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து "இது என்ன பாப்பா?" என்று கேட்டால் போதும்.